கடல் தேங்காய்: ஓட்டை வாங்கலாம், பருப்பை விட்டுவிடலாம்

சென்னையில் கடல் தேங்காய் நான்கு வடிவில் கைக்கு வரும். பாரிமுனை ராசப்ப செட்டி தெரு மாதிரியான இடங்களின் நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த பருப்புத் துண்டு. அதே பருப்பை அரைத்துப் பொட்டலம் கட்டிய தூள். பழம்பொருள் விற்பவர்களிடமும் பூஜைச் சாமான் கடைகளிலும் 'திருவோடு' என்ற பெயரில் பாதி ஓடு. நான்காவது, இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷெல்ஸில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும், மெருகேற்றிய முழு ஓடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எண் ஒட்டிய, அனுமதிச் சீட்டோடு வரும் முழு ஓடு கொடுத்த காசுக்குத் தகும், ஐந்துக்கு நாலரை. உண்மையான பாதி ஓடு கிடைத்தால் ஐந்துக்கு மூன்று. பருப்புத் துண்டுக்கு ஒன்று. தூளுக்கு மதிப்பெண்ணே இல்லை. இந்த விதை ஏன் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்று தெரிந்துகொண்டால் இந்த வரிசைக்கான காரணமும் புரிந்துவிடும். அதனால் பொருளைச் சோதிக்கும் முன்னால் மரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

கடல் தேங்காய் கடலில் காய்ப்பதும் இல்லை, தேங்காயும் இல்லை. அது ஒரு பனை. செஷெல்ஸ் நாட்டில் பிராஸ்லின், கியூரியூஸ் என்ற இரண்டே தீவுகளில்தான் இயற்கையாக வளர்கிறது. பிராஸ்லினின் பரப்பு சுமார் 38 சதுர கிலோமீட்டர். கியூரியூஸ் சுமார் 3. தாவரவியல் பெயர் லோடோய்சியா மால்டிவிகா. மாலத்தீவில் இந்த மரம் இயற்கையாக வளர்வதில்லை. அந்தக் கரையில் ஒதுங்கிய காய்களால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மரம் எங்கே இருக்கிறது என்று தெரியாததால் கடலுக்கு அடியில் காய்க்கிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1768-ல் பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் பிராஸ்லினில் மரத்தைக் கண்டார்கள். அடுத்து வந்த கப்பல் ஏராளமான காய்களை ஏற்றி இந்தியச் சந்தையில் இறக்கியது. அதோடு அதுவரை இருந்த ராஜ விலை சரிந்தது.

நம் பனைமரத்துக்கு இது பங்காளி முறை. இரண்டும் பனைக் குடும்பத்தின் ஒரே சிறு கிளையைச் சேர்ந்தவை. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி என்பதிலிருந்து இளங்காயின் உள்ளே நுங்கு மாதிரி வழுவழுப்பான சதை இருப்பது வரை ஒற்றுமை தெரியும். வித்தியாசம் அளவில். பனங்கொட்டையை ஒரு கையில் பிடித்துவிடலாம். கடல் தேங்காயின் கொட்டை அரை மீட்டர் நீளம் வரை வளரும். முழுக் காய் 25 கிலோவைத் தொடும். தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை இதுதான். பூத்ததிலிருந்து முற்றி விழ ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வரை இந்த மரம் ஒரே காயைச் சுமந்து ஊட்டுகிறது.

இனி காரணம். எந்தச் செடியிடமும் விதைக்கென்று ஒதுக்க ஓர் அளவு சத்துதான் இருக்கும். அதை ஆயிரம் பொடி விதைகளாகப் பிரித்து இறைக்கலாம், பத்துப் பெரிய விதைகளாகத் திரட்டியும் கட்டலாம். பொடி விதை தூரம் போகும், ஆனால் போகும் இடத்தில் பட்டினி. பெரிய விதை கட்டுச்சோற்றோடு இறங்கும், ஆனால் தூரம் போகாது. பெரிய நிலப்பரப்பில் தூரம் போவது லாபம். சின்னத் தீவில் அந்தக் கணக்கு தலைகீழ்.

பெசன்ட் நகர் கடற்கரையோரம் நிற்கும் எருக்கஞ்செடியைப் பாருங்கள். ஆடி மாதத்து மேல்காற்றில் காய் வெடித்தால் பஞ்சு விதை நேராகக் கடலுக்குத்தான் போகும். நமக்குப் பின்னால் ஒரு துணைக்கண்டமே இருப்பதால் எருக்குக்கு அது பெரிய நட்டம் இல்லை. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த, ஒரு மணி நேரத்தில் நடந்து கடக்கும் தீவில் இதே செடி இருந்தால்? நன்றாகப் பறக்கும் விதை முழுவதும் தண்ணீரில் போய்விடும். பஞ்சு குறைந்த, கனம் கூடிய விதைதான் தீவிலேயே விழுந்து முளைக்கும். அந்த விதையின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. இது சில தலைமுறை தொடர்ந்தாலே செடியின் குணம் மாறத் தொடங்கும்.

இதற்குக் கடல்கூடத் தேவையில்லை. பிரான்சின் மோன்பெலியே நகரில் நடைபாதை மரங்களின் அடியில் விடும் சின்ன மண் சதுரங்களில் கிரெப்பிஸ் சாங்க்டா என்ற செடி முளைக்கும். அது பறக்கும் விதை, கனத்து அடியிலேயே விழும் விதை என இரண்டு வகையையும் ஒரே பூவில் தரும். சுற்றிலும் சிமென்ட் இருப்பதால் பறக்கும் விதை பெரும்பாலும் வீண். நகரத்துச் செடிகளில் கனமான விதையின் பங்கு கூடியிருப்பதையும், அந்த மாற்றம் 5 முதல் 12 தலைமுறைக்குள் நடந்திருக்கலாம் என்பதையும் 2008-ல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. அண்ணா சாலை நடைபாதையில் மரத்தைச் சுற்றி விடும் மண் சதுரமும் ஒரு விதைக்குத் தீவுதான்.

தீவுச் செடிகளுக்கு இது பொதுவான போக்கா என்று முறையாகச் சோதித்தது நியூசிலாந்தில். அந்த நாட்டைச் சுற்றியுள்ள நான்கு தீவுக் கூட்டங்களின் செடிகளை அவற்றின் பெருநில உறவுகளோடு 40 இணைகளாக வைத்து அளந்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. தீவுச் செடியின் விதைதான் தொடர்ந்து பெரிதாக இருந்தது. மரமா புதரா என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பறவை பரப்புகிறதா காற்று பரப்புகிறதா என்பதைக் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. காரணமாக அவர்கள் முன்வைத்தவை இரண்டு. ஒன்று, கடலில் விழுந்து வீணாகாமல் இருக்கப் பறக்கும் திறனைக் குறைத்துக்கொள்வது. மற்றது, பெரிய விதையிலிருந்து வரும் பெரிய நாற்று பக்கத்துச் செடிகளை முந்திக்கொள்வது. இரண்டில் எது முக்கியம் என்று தீர்ப்புச் சொல்லாமல் விட்டது அவர்களின் நேர்மை.

சென்னை நர்சரிகளில் விசிறிப் பனை என்று விற்கும் பிரிட்சார்டியா பசிபிகாவிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. அதன் பழம் கோலிக்குண்டு அளவுதான். எளிதில் எட்ட முடியாத ஹவாய்த் தீவுகளில் வளரும் வேறு பிரிட்சார்டியா வகைகள் சிலவற்றின் பழம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

பெரிய விதை என்றாலே தீவின் வேலை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாம் உடைக்கும் தேங்காயும் பெரிய விதைதான். ஆனால் அது பயணத்துக்குக் கட்டப்பட்ட படகு. நார் மட்டை மிதக்க வைக்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் உப்பு மணலில் முளைக்கும் குருத்துக்கு உதவும். கடல் தேங்காய் இதற்கு நேர் எதிர். புதுக் காயைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். உள்ளே அழுகிக் காலியான பிறகுதான் மிதக்கும். அதனால் மாலத்தீவுக் கரையிலும் நம் கரைகளிலும் ஒதுங்கியவை எல்லாம் முளைக்க முடியாத வெற்று ஓடுகள். தாய்மரத்தை விட்டுப் போகக்கூடாது என்று முடிவெடுத்த விதை இது.

போகாமல் இருப்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. தாய் மரத்தின் இலை ஒவ்வொன்றும் ஒரு பந்தல் போல விரிந்து நிற்கும். அடியில் இருட்டு. மண்ணோ கருங்கல் உதிர்ந்து உண்டான, சத்துக் குறைந்த மண். அந்த இருட்டில், பசித்த மண்ணில், சொந்தத் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் போட்டி போட்டு ஒரு நாற்று எழ வேண்டும். சூரிய ஒளியை நம்பிப் பிழைக்க முடியாத அந்த ஆண்டுகளுக்கான சாப்பாடுதான் அந்தப் பருப்பு. முளைத்த பிறகும் நாற்று சில ஆண்டுகள் கொட்டையோடு ஒட்டிக்கொண்டே உறிஞ்சுகிறது. நிழல் எவ்வளவு கனமோ அவ்வளவு பெரிய சோற்று மூட்டை இருந்தால்தான் பிள்ளை பிழைக்கும். பெரிய மூட்டையிலிருந்து வந்த பிள்ளை வளர்ந்து இன்னும் கனமான நிழலைப் போடும். தலைமுறைக்குத் தலைமுறை இது ஒன்றை ஒன்று தூண்டியிருக்கும்.

தாய்மரம் நிழல் போடுவதோடு நிற்பதில்லை. மடிப்பு மடிப்பான இலையும் வாய்க்கால் போலக் குழிந்த காம்பும் சேர்ந்து ஒரு புனல். இலை மேல் விழும் மழைத்தண்ணீர், ஆண் பூவின் மகரந்தம், பறவை எச்சம், சருகுத் துகள் எல்லாம் காம்பு வழியாக இறங்கி மரத்தடிக்கு வரும். 2015-ல் வெளியான ஆய்வொன்று மரத்தடி மண்ணை அளந்தது. தண்டை ஒட்டிய மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மண்ணைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதல். தன் காலடியைத் தானே எருவிட்டு வைத்திருக்கும் மரம் இது. அந்த இடத்தை விட்டு விதை ஏன் ஓட வேண்டும்?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. பனை, அதன் உறவுகள் எல்லாமே ஓரளவு பெரிய கொட்டை உள்ளவைதான். செஷெல்ஸ் எரிமலையில் முளைத்த தீவும் இல்லை, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்திலிருந்து பிரிந்த கருங்கல் துண்டு. ஆகவே சின்ன விதையோடு வந்த செடி தீவில் வீங்கியது என்று சொல்வது மிகை. முன்னோரிடமே பெரிய விதை இருந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பனையின் உறவு மரத்துப் பழத்தை யானை தின்று கொட்டையைத் தொலைவில் போடும். செஷெல்ஸில் யானை இல்லை. தூக்கிப்போக ஆள் இருந்தால் அவர் வாய்க்குள் போகும் அளவுக்குத்தான் கொட்டை வளர முடியும். ஆள் இல்லாத இடத்தில் அந்த வரம்பும் இல்லை. இந்த விளக்கம்தான் இந்த விதைக்கு மிகப் பொருத்தம் என்பது நம் கணிப்பு.

இப்போது பொருளுக்கு வருவோம்.

முழு ஓடு. கையில் வாங்கியதும் முதலில் இரண்டு மடல்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைப் பாருங்கள். தேங்காய்ச் சிரட்டையில் இருப்பது போல மூன்று கண் இருக்காது. அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரே ஒரு வாய், அதைச் சுற்றிக் கரடுமுரடான நார் ஒட்டியிருக்கும். முளை வெளியே வரும் வழி அதுதான். பிசினில் வார்த்த போலியில் இந்த நாரை அச்சாகப் பதித்திருப்பார்கள். நகத்தால் கீறினால் இழை பிரியாது. உண்மையான ஓட்டில் இழை இழையாகப் பிரியும்.

அடுத்து நடுவாக நீளவாட்டில் விரலை ஓட்டுங்கள். பருப்பை எடுக்கக் கொட்டையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, சுரண்டி, மறுபடி பசை போட்டு ஒட்டுவது வழக்கம். ஆகவே ஒரு மெல்லிய ஒட்டுக்கோடு தெரிவது குறை இல்லை. அது உள்ளே காலி என்பதற்கான அடையாளம். கோடே இல்லாமல், குலுக்கினால் உள்ளே கடகடவென்று உருளும் சத்தம் வந்தால் பருப்பு உள்ளேயே காய்ந்து கிடக்கிறது. சென்னை ஈரக் காற்றில் அது பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அப்படிப்பட்டதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

காகிதம்தான் இந்தப் பொருளின் பாதி மதிப்பு. செஷெல்ஸில் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு கொட்டைக்கும் எண் போட்ட ஒட்டு உண்டு, கூடவே ஏற்றுமதி அனுமதியும் உண்டு. ஒட்டில் உள்ள எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மெருகு போடும்போது ஒட்டைப் பிய்த்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். இந்த மரம் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாத காய் ஒவ்வொன்றும் காட்டிலிருந்து திருடியதாக இருக்கலாம். உறவினரிடம் சொல்லி வாங்குவதானால், "சீட்டும் சேர்த்து வாங்கிட்டு வாங்க மாமா, கைப்பையிலேயே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். மீனம்பாக்கத்தில் சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். உயிருள்ள, முளைக்கக்கூடிய கொட்டையைக் கொண்டுவரும் யோசனையே வேண்டாம். விதைக்கென்று வரும் எதற்கும் தாவரத் தனிமைப்படுத்தல் விதிப்படி முன்கூட்டிய இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் தேவை.

பராமரிப்பு எளிது. தண்ணீரில் கழுவக் கூடாது. ஒட்டுக்கோட்டில் ஈரம் இறங்கினால் பசை விடும். காய்ந்த துணியால் துடைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து சொட்டு ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுப்பாகித் தூசி பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை படியாது.

திருவோடு. இங்கேதான் ஏமாற்றம் அதிகம், வேண்டுமென்றே செய்யாத ஏமாற்றமும் சேர்த்து. 'திருவோட்டு மரம்' என்று நம் ஊர்த் தோட்டங்களில் நிற்பது வேறு மரம். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த, உருண்டைக் காய் காய்க்கும் மரம். அதன் ஓடு மெல்லியது, எடை இல்லாதது, முழு வட்டமாகவோ முட்டை வடிவமாகவோ இருக்கும். துறவிகள் கையில் இருந்த பழைய கருப்புத் திருவோடு கடல் தேங்காயின் ஒரு மடல். படகு போல நீண்டிருக்கும், ஒரு முனை மற்றதைவிடக் குறுகியிருக்கும், தடிமன் சிரட்டையைவிடக் கூடுதல், தட்டினால் மரக்கட்டையின் ஒலி வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு ஒருபோதும் குழம்ப மாட்டீர்கள். இரண்டுமே நல்ல பொருள்தான். ஆனால் விலை ஒன்றாக இருக்கக் கூடாது. உள்பக்கம் கரி, கருப்புச் சாயம், வார்னிஷ் பூசியிருந்தால் விளிம்பை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் துணியில் ஒட்டினால் சாப்பாட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பருப்பு. நாட்டு மருந்துக் கடையில் இதை வாங்குபவர்கள் பலவித நம்பிக்கையோடு வாங்குகிறார்கள். அதில் வாதாட இங்கே இடமில்லை. குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ கொடுப்பதற்கு முன் பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பொருளாகப் பார்த்தால் இதில் மூன்று குறைகள்.

முதலாவது, அடையாளம். கடல் தேங்காய்ப் பருப்பில் கொப்பரையைப் போல எண்ணெய் இல்லை. அது பெரும்பாலும் மன்னான் என்ற கடினமான மாவுப் பொருள். முற்றிய பனங்கொட்டையின் பருப்பும் அதே வகை. அதனால் ஒரு சோதனை எளிது. துண்டை நசுக்கி வெள்ளைக் காகிதத்தில் வைத்து, மேலே இன்னொரு காகிதம் போட்டு, சூடான தோசைக்கல்லை ஒரு நிமிடம் அழுத்துங்கள். எண்ணெய்க் கறை படர்ந்தால் அது தேங்காய். கறை இல்லையென்றால் கடல் தேங்காயாகவும் இருக்கலாம், பனம்பருப்பாகவும் இருக்கலாம். இவை இரண்டையும் பிரிக்க அளவு ஒன்றுதான் வழி. பனங்கொட்டையின் உள்ளறை சிறியது. ஒரு சாண் நீளமுள்ள, ஒரே துண்டாக அறுத்த சில்லு அதிலிருந்து வர வழியில்லை. கடையில், "பெரிய சில்லா இருந்தா காட்டுங்க அண்ணாச்சி, பொடிசு வேண்டாம்" என்று கேட்டுப் பாருங்கள். பொடித் துண்டாக மட்டும் இருந்தால் அது எந்த மரத்துப் பருப்பு என்று விற்பவருக்கும் தெரிய வழியில்லை.

இரண்டாவது, சேமிப்பு. இந்தச் சில்லு கல் மாதிரி இருந்தாலும் ஈரத்தை இழுக்கும். சாக்குப் பையில் மாதக்கணக்கில் கிடந்த துண்டில் மஞ்சள் புள்ளி, பச்சைத் தூள், ஊசி நுனி அளவுத் துளை தெரியும். மேற்பரப்பைச் சுரண்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பூஞ்சையின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் இருக்கும்.

மூன்றாவது குறைதான் பெரியது. கடல் தேங்காயை அழிவுக்குத் தள்ளுவது அதன் பருப்புக்கான தேவை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் செஷெல்ஸ் இந்த மரத்தைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிவு குறிப்பாகப் பேசுவது ஓட்டைப் பற்றி இல்லை, பருப்பையும் அதிலிருந்து செய்யும் பொருட்களையும் பற்றித்தான். காரணம் மேலே சொன்னதுதான்: பருப்பு என்பது நாற்றின் பல ஆண்டுச் சாப்பாடு. முற்றிய கொட்டையிலிருந்து அதைச் சுரண்டினால் ஒரு மரம் இல்லாமல் போகிறது. அந்த மரம் பூக்கவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும். முளைக்காத கொட்டை, காலியான கொட்டை ஆகியவற்றின் ஓட்டை மெருகேற்றி விற்பதில் அந்த இழப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும். பருப்பு வியாபாரத்தில் முடியாது. ஐந்துக்கு ஒன்று என்றது இதனால்தான். அந்த ஒன்றும், பெரிய சில்லைக் காட்டி, எங்கிருந்து வந்தது என்று சொல்லி விற்கும் கடைக்கு மட்டும்.

தூளில் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேலை செய்யாது. வாங்காதீர்கள்.

தாய்லாந்து, மலேசியாப் பக்கத்திலிருந்து வரும் டப்பாக்களில் 'கடல் தேங்காய்' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது சர்க்கரைப் பாகில் போட்ட நுங்கு. சாப்பிட நன்றாக இருக்கும். கோடையில் சாலையோரத்தில் சீவித் தரும் நுங்கு அதைவிட நன்றாக இருக்கும்.

இந்த விதையின் பெருமை ஓட்டைப் பார்ப்பதால் பாதிதான் புரியும். முளைப்பதைப் பார்த்தால்தான் முழுதும் புரியும். கடல் தேங்காயின் கொட்டையிலிருந்து கயிறு போன்ற ஒரு குழாய் வெளியே வந்து, மண்ணுக்குள் இறங்கி, சில மீட்டர் தூரம் கிடைமட்டமாகப் போய், அந்த முனையில்தான் நாற்றை எழுப்பும். கொட்டை ஓரிடத்தில், பிள்ளை வேறிடத்தில், நடுவில் தொப்புள்கொடி. தாயின் தண்டுக்கு நேர் அடியில் விழுந்துவிட்ட விதை தன் பிள்ளையை நகர்த்தி வைக்க இருக்கும் ஒரே வழி அது. இதே ஏற்பாடு பனங்கொட்டையிலும் உண்டு. குழாய் பக்கவாட்டில் போகாமல் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். பொங்கலுக்கு நாம் கடிக்கும் பனங்கிழங்கு அந்தக் குழாயின் முனையில் உருவான நாற்றுதான். ஆகவே நூற்றுக்கணக்கான யூரோ கொடுத்து ஓடு வாங்க முடியாதவர்கள் சில பனங்கொட்டைகளைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஐந்துக்கு ஐந்து வாங்குவது அதுதான்.

ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தின் கொட்டையாக எடுங்கள். பறித்த காய் முற்றியிருக்காது. சதையைப் பிசைந்து எடுத்துவிட்டு நிழலில் நாலைந்து நாள் காயவிடுங்கள். கையில் தூக்கினால் கனம் தெரிய வேண்டும். லேசாக இருப்பதையும் துளை விழுந்ததையும் ஒதுக்குங்கள். மாடி வீட்டுக்கு ஏற்றது 6 அங்குல விட்டம், 3 அடி உயரம் உள்ள பிவிசி குழாய், ஒரு குழாய்க்கு ஒரு கொட்டை. அடியில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, அதை இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள். இரண்டு பங்கு ஆற்று மணல் அல்லது எம் சாண்ட், ஒரு பங்கு சலித்த செம்மண். சாணம், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். சாப்பாடு கொட்டைக்குள்ளேயே இருக்கிறது. வெளி எரு அழுகலைத்தான் கூட்டும். ஒரு குழாய்க்குச் சுமார் 16 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் 30 கிலோ அளவுக்கு வரும். நாலைந்து குழாய்களை மாடியில் வைப்பதானால் கைப்பிடிச் சுவர் ஓரம், தூண் இருக்கும் மூலையாகப் பார்த்து வையுங்கள். 200 லிட்டர் நீல டிரம்மில் போடலாம் என்று தோன்றும். நனைந்த மணலோடு அது 300 கிலோவைத் தாண்டும். அதைத் தரையில் மட்டும் வைக்க வேண்டும்.

கொட்டையைப் படுக்க வைத்து மேலே இரண்டு அங்குலம் மண் போடுங்கள். மழை இல்லாத நாட்களில் ஒன்று விட்டு ஒரு நாள் அரை லிட்டர் தண்ணீர் போதும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரங்களில் குழாயின் வாயை ஓட்டுத் துண்டாலோ தட்டாலோ மூடுங்கள். நீர் தேங்கினால் கீழே இறங்கும் முன்பே முளை கருத்து அழுகும். மிக அதிகமாக நடக்கும் தவறு பூந்தொட்டியில் போடுவது. ஒரு அடி ஆழத்தில் அடித்தட்டில் முட்டிய முளை சுருண்டுகொள்ளும், கிழங்கு கோணலாகி வெடிக்கும். களிமண்ணிலும் அதே கதி.

குறைந்தது மூன்று குழாயாவது போடுங்கள். சுமார் 50 நாள் கழித்து முதலாவதைச் சாய்த்து மண்ணைத் தட்டி எடுங்கள். கொட்டையைக் கட்டை மேல் படுக்க வைத்து கனமான அரிவாளால் நெடுக்காகப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு போலத் தவண் நிறைந்திருக்கும். அது பருப்பைக் கரைத்து உறிஞ்சி, முளைக்குழாய் வழியாகக் கீழே அனுப்பும் உறுப்பு. ஓட்டை ஒட்டி இன்னும் கரையாத பருப்பு ஒரு வளையமாகத் தெரியும். இரண்டாவதைத் தை பிறக்கும்போது எடுங்கள். கிழங்கு முழுசாக இறங்கியிருக்கும், கொட்டைக்குள் வளையம் மெலிந்திருக்கும். அதே வேலையைத்தான் செஷெல்ஸின் இருட்டில் கடல் தேங்காய் ஆண்டுக்கணக்கில் செய்கிறது.

மூன்றாவதை மரமாக்க நினைத்தால் குழாயிலிருந்து பிடுங்கி நட முயலாதீர்கள், வேர் அறுந்தால் பிழைக்காது. குழாயை நெடுக்கே அறுத்துத் திறந்து, மண் உதிராமல் மூன்று அடி ஆழக் குழியில் அப்படியே இறக்க வேண்டும். மீதி இருக்கும் கொட்டைகளை ஏரிக்கரையிலோ வேலியோரத்திலோ அனுமதி கேட்டு, மழைக்கு முன்பே நேராக அரை அடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாகப் போட்டுவிடுங்கள்.